திரைவாசிப்பானுக்கு லட்ச ரூபாய் வேண்டுமா? விலை குறைந்த கதையும் மிச்சமிருக்கும் செலவும்

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள்ளேயே அடங்கும் என்பது அதன் சாரம். வங்கிக் கணக்கு தொடங்கக் கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி முறையால் தவித்துப்போன ஆசிட் வீச்சுப் பாதிப்பாளர்களும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. தீர்ப்பளித்த இரு நீதிபதிகளில் ஒருவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போன ஆர். மகாதேவன்.

உரிமை உண்டு, சரி. அதைப் பார்வையற்றவர் அனுபவிக்க, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் ‘திரைவாசிப்பான்’ மென்பொருள் கையில் வேண்டுமே, அதற்கு என்ன செலவாகும்? சென்னையில் பார்வையற்ற பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோரும், பார்வை மாற்றுத்திறனாளி ஒருவரை முதன்முறையாக வேலைக்கு எடுக்கும் அலுவலகமும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். விசாரித்தால் இரண்டு பதில் கிடைக்கிறது. ‘ஒரு ரூபாய் கூட வேண்டாம், இறக்கிப் போட்டுக்கொள்ளலாம்’ என்பார் ஒருவர். ‘நல்லது வேண்டுமென்றால் லட்ச ரூபாய் ஆகும்’ என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. மென்பொருளின் விலை எப்படி இறங்கியது, மிச்சச் செலவு எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்று பார்த்தால் குழப்பம் தெளியும்.

திரைவாசிப்பான் எதைப் படிக்கிறது?

பெயரைக் கேட்டால் கணினித் திரையைப் பார்த்துப் படிக்கும் மென்பொருள் என்றுதான் தோன்றும். உண்மையில் அது திரையைப் பார்ப்பதே இல்லை. திரையில் இருக்கும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் விண்டோஸிடமும், திறந்திருக்கும் செயலியிடமும் கேட்டு வாங்குகிறது. முக்கியமாக மூன்று விவரங்கள்: அந்தப் பொருளின் பெயர், அது எந்த வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது.

மின்கட்டணம் கட்டும் பக்கம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். டேப் விசையைத் தட்டினால் ‘மின் இணைப்பு எண், திருத்தும் பெட்டி, காலி’ என்று குரல் சொல்லும். எண்ணைத் தட்டித் திரும்ப டேப் அடித்தால் ‘விதிமுறைகளை ஏற்கிறேன், தேர்வுப் பெட்டி, தேர்வாகவில்லை’. ஸ்பேஸ் தட்டினால் ‘தேர்வானது’. சுட்டெலிக்கு வேலையே இல்லை. இணையப் பக்கத்தில் எச் விசை அடுத்த தலைப்புக்கும், பி அடுத்த பொத்தானுக்கும், டி அடுத்த அட்டவணைக்கும் தாவும். பழகியவர்கள் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கேட்பதில்லை. கண் மேய்வதுபோல் விரலால் மேய்வார்கள்.

இப்போது அதே பக்கத்தை அமைத்தவர், பொத்தானுக்கு அழகாக ஒரு அம்புக்குறிப் படத்தைப் போட்டுவிட்டுப் பெயர் எழுதாமல் விட்டார் என்று வையுங்கள். திரைவாசிப்பான் ‘பட்டன்’ என்று மட்டும் சொல்லும். அப்படி நாலு பொத்தான் இருந்தால் ‘பட்டன், பட்டன், பட்டன், பட்டன்’. எது பணம் கட்டுவது, எது ரத்து செய்வது? லட்ச ரூபாய் மென்பொருளானாலும் இந்த இடத்தில் ஊகம்தான் செய்ய முடியும். பெயர் எழுதப்படவே இல்லையே.

ஆக, ‘கணினி பேசுகிறது’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று தனித்தனிச் சங்கதிகள்:

1. விவரத்தைத் திரட்டி, எதை எப்போது சொல்வது என்று முடிவெடுக்கும் வாசிப்பான்.
2. அந்த எழுத்தை ஒலியாக மாற்றும் குரல் பொறி. இது தனி மென்பொருள். ஒரே வாசிப்பானுக்குப் பல குரல்களைப் பூட்டலாம், கழற்றலாம்.
3. படிக்கப்படும் பக்கம் அல்லது கோப்பு.

வாங்குவதற்கு முன்பும், கோளாறு என்று திட்டுவதற்கு முன்பும், இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ‘இலவசம், அதனால்தான் தமிழ் படிக்க மாட்டேன் என்கிறது’ என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்ந்தவை.

விலை ஏன் அவ்வளவு உயரத்தில் இருந்தது?

ஜாஸ் என்ற திரைவாசிப்பானின் பெயர் பார்வையற்ற கணினிப் பயனர்கள் எல்லோருக்கும் தெரியும். விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் தொடங்கிய நிறுவனம், 1989இல் டாஸ் இயங்குதளத்துக்காக அதை வெளியிட்டது. விண்டோஸுக்கான ஜாஸ் 1995இல் வந்தது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் அதன் சாதாரண வகை சுமார் 900 டாலருக்கும், தொழில்முறை வகை சுமார் 1,100 டாலருக்கும் விற்றது. ‘லட்ச ரூபாய்’ என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். இந்த விலைக்குக் காரணங்கள் இருந்தன.

1. வேலை கடினமானது. அந்நாளைய விண்டோஸ், ‘இது பொத்தான், இது பெட்டி’ என்ற விவரத்தை ஒழுங்காக வெளியே தரவில்லை. திரையில் வரையப் போகும் கட்டளைகளை இடைமறித்து, அவற்றிலிருந்து திரையை மறுபடி உள்ளுக்குள் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு செயலிக்கும் தனியாகச் சிறு நிரல்கள் எழுதிச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் மாறினால் பாதி வேலை திரும்ப முதலிலிருந்து.
2. வாங்குவோர் குறைவு. அத்தனை பொறியாளர் கூலியும் அந்தக் கொஞ்சம் பேர் தலையில் விழுந்தது.
3. பணம் கட்டியது பெரும்பாலும் பயனர் அல்ல. அமெரிக்காவில் மறுவாழ்வுத் துறைகள், கல்வி நிறுவனங்கள், வேலை கொடுத்தவர்கள் வாங்கித் தந்தார்கள். நிறுவனம் கட்டும் தொகைக்கு ஏற்ப விலை நின்றது.

மூன்றாவது காரணம்தான் நம்மூரில் கடுமையாகக் குத்தியது. இங்கே வாங்கித் தரும் துறை பெரும்பாலும் இல்லை. அமெரிக்க நிறுவனம் கட்டுவதற்காக வைத்த விலை, சென்னைக்கு வந்தபோது தனி ஆளின் முன்னால் வந்து நின்றது. புதிய பதிப்பு வந்தால் அதற்கும் தனிக் கட்டணம்.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு சந்து இருந்தது. உரிமம் இல்லாமல் நிறுவினால் ஜாஸ் 40 நிமிடம் ஓடும். அப்புறம் கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும், இன்னொரு 40 நிமிடம் கிடைக்கும். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கத் தந்த இந்தச் சலுகையை வைத்தே பட்டப்படிப்பை ஓட்ட வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டுரையில் நல்ல ஓட்டம் வரும் நேரத்தில் சேமித்து, மூடி, அணைத்து, பழைய கணினி உயிர்பெறும்வரை காத்திருந்து, கோப்பைத் தேடித் திறந்து, விட்ட இடத்தைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். பார்வையுள்ள மாணவர் மூன்று மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்குள் இது நாலைந்து முறை நடக்கும்.

2006: விலை உடைந்தது

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006 ஏப்ரலில் ஒரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையுள்ளவர் கணினி வாங்கினால் திரை கூடவே வருகிறது. பார்வையற்றவர் மட்டும் அதற்கு மேல் ஏன் இன்னொரு கணினியின் விலையைக் கட்ட வேண்டும் என்பதே அந்த முயற்சிக்குப் பின்னாலிருந்த கேள்வி. ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர் சேர்ந்தார். இருவரும் சிறுவயதில் பிரெய்ல் படிக்கும் பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழகியவர்கள். 2007இல் என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவானது. மென்பொருளின் பெயர் என்விடிஏ.

இரண்டு பேரால் இது எப்படி முடிந்தது? அவர்கள் உழைப்பு ஒரு பாதி. காலம் கனிந்திருந்தது மறு பாதி. அதற்குள் விண்டோஸும் ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளும், திரையில் உள்ள பொருளின் பெயர், வகை, நிலை ஆகியவற்றைக் கேட்டால் சொல்லும் வாயில்களைத் திறந்திருந்தன. இடைமறிக்கும் வேலை குறைந்தது. நிரல் முழுவதும், யாரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து வைக்கப்பட்டதால் உலகெங்கும் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தார்கள், பிழை திருத்தினார்கள். மொசில்லா, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் நிதி தந்தன. தமிழ் இடைமுகமும் தன்னார்வலர் உழைப்பில் வந்ததுதான்.

இலவசம் என்பதால் இரண்டாந்தரம் என்று இன்றும் நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2023 டிசம்பர், 2024 ஜனவரி மாதங்களில் இணைய அணுகலுக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு திரைவாசிப்பான் பயனர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 1,539 பேர் பதில் சொன்னார்கள். தங்கள் முதன்மைத் திரைவாசிப்பான் ஜாஸ் என்றவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏ என்றவர்கள் 37.7 சதவீதம். வழக்கமாகப் பயன்படுத்துபவற்றில் என்விடிஏ 65.6 சதவீதத்துடன் முதலிடம், ஜாஸ் 60.5. பலர் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றதைத் திறக்கிறார்கள்.

இன்று காசில்லாமல் கிடைப்பவை

விண்டோஸில் என்விடிஏ. விண்டோஸுக்குள்ளேயே நரேட்டர், 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இருந்தாலும் விண்டோஸ் 10 காலத்தில்தான் அன்றாட வேலைக்குத் தேறியது. லினக்ஸில் ஆர்கா. மேக் கணினியில் 2005 முதல் வாய்ஸ்ஓவர். 2009இல் அதுவே ஐபோனுக்கும் வந்தது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்.

டாக்பேக் உள்ள சாதாரண ஆண்ட்ராய்டு போன் பலருக்கு முதல் கணினியாகவே ஆகிவிட்டது. செய்தி, வாட்ஸ்அப், யுபிஐ எல்லாம் அதிலேயே. ஆனால் போன் போதும் என்று நிறுத்திவிடுவது தவறு. நீளமாகத் தட்டச்சு செய்ய, எக்செல் அட்டவணைக்குள் நடமாட, வேலைக்கான தேர்வு எழுத, விசைப்பலகையுள்ள கணினிதான் வேண்டும். வேலை தரும் திறமை அங்கேதான் இருக்கிறது.

என்விடிஏயில் பலருக்குத் தெரியாத வசதி ஒன்று: பென் டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம். கல்லூரி ஆய்வகமோ நூலகமோ, கணினியில் எதையும் நிறுவாமலே ஓடும். 2025.1 பதிப்பிலிருந்து, ஒருவர் அனுமதித்தால் இன்னொருவர் தொலைவிலிருந்தே அவர் கணினியை இயக்கும் வசதியும் உள்ளேயே வருகிறது. தாம்பரத்தில் இருப்பவர் திருநெல்வேலியில் இருப்பவருக்கு எக்செல் சொல்லித்தர இது ரொம்பவே கைகொடுக்கும்.

காசு கொடுப்பது எப்போது நியாயம்?

எல்லாம் இலவசமாகவே முடிந்துவிடும் என்று சொல்வதும் சரியில்லை. வங்கி, காப்பீடு, ஐடி சேவை அலுவலகங்களில் ஊழியரின் கணினியில் செயலி இருக்காது. எங்கோ ஒரு சர்வரில் ஓடும். அதன் படம் மட்டும் இங்கே வரும். படத்தில் பெயர், வகை, நிலை எதுவும் இல்லை. இப்படித் தொலைவிலிருந்து ஓடும் சூழல்களில் ஜாஸுக்குத் தயார்நிலையில் ஆதரவு உண்டு. அலுவலகத்தின் விசேஷ மென்பொருளுக்கு ஏற்றபடி நிரல் எழுதிப் பொருத்துவதிலும் அதற்கு நீண்ட அனுபவம். பிரச்சினை வந்தால் பேசித் தீர்க்க விற்றவரின் சேவைப் பிரிவு இருக்கும்.

இங்கே என் கருத்து இதுதான்: அந்த இடத்தில் ஜாஸ் வாங்கலாம், ஆனால் வாங்க வேண்டியது அலுவலகம். ஊழியரோ வேலை தேடும் இளைஞரோ அல்ல. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காகக் கடன் வாங்கி உரிமம் வாங்கத் தேவையே இல்லை. என்விடிஏயில் கையும் காதும் பழகிவிட்டால், பிறகு ஜாஸுக்கு மாறுவது பெரிய வேலை இல்லை. முக்கியமான விசைகள் பெரும்பாலும் ஒன்றேதான்.

தமிழ் என்று வந்தால்

ஆங்கிலத்தில் ஏறக்குறைய தீர்ந்த பிரச்சினைகள் தமிழில் இன்னும் தீரவில்லை. விலை மிஞ்சியிருக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

*1. குரல்*

என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரல் பொறிக்குத் தமிழ் தெரியும். இயந்திரத்தனமான ஒலி, முதல்நாள் கேட்பவர் முகம் சுளிப்பார். விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் ‘வள்ளுவர்’ என்று பெயரிட்ட இயல்பான ஆண் குரல் காசில்லாமல் கிடைக்கும். என்விடிஏ அதையும் எடுத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் பழகியவர்கள் பலர் ஈஸ்பீக்கை விடுவதில்லை. வேகத்தைப் பலமடங்கு கூட்டினாலும் அதன் ஒலி குழையாது, விசையைத் தட்டியவுடன் பதில் வரும். நாள் முழுக்கக் கேட்டு வேலை செய்பவருக்கு அழகை விட இது முக்கியம். புதியவருக்கு வாங்கித்தரும் குடும்பத்தார் தங்கள் காதுக்கு இனிமையான குரலைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கேட்கப் போகிறவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

*2. ஓர் எழுத்து, பல ஓசை*

பாட்டி, பாரதி. இரண்டும் ‘பா’வில்தான் தொடங்குகின்றன. நம் வாய் தானாகவே இரண்டையும் வேறு மாதிரி சொல்லும், சொல் தெரியும் என்பதால். விதிப்படி உச்சரிக்கும் பொறிக்கு இரண்டும் ஒரே ‘பா’. கங்கை, காந்தி, பஸ், டீ எல்லாம் இப்படித்தான். பாரதியின் பெயரைப் பாட்டியின் பாவோடு கேட்டுப் பழகிவிடுகிறார்கள் பயனர்கள். சொல்லகராதியைப் பொறிக்குள் சேர்த்தால் சரியாகும். அதற்குச் சொல் சொல்லாக உட்கார்ந்து வேலை பார்க்க ஆள் வேண்டும்.

*3. ஒரே ஓசை, வேறு எழுத்து*

இது எதிர்ப்பக்கச் சிக்கல், விளைவு இன்னும் பெரியது. ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றுதான். ர, ற பல நேரம் ஒன்றுதான். ஐந்து வயதிலிருந்து காதால் மட்டுமே தமிழ் படித்த பிள்ளைக்கு ‘மரம்’ எந்த ர, ‘மறம்’ எந்த ற என்று தெரிய வழியில்லை, எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டாலொழிய. கணினி வந்துவிட்டது, இனி பிரெய்ல் எதற்கு என்ற பேச்சு அபாயமானது. விரலால் படிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியும். என்விடிஏ தமிழ் பிரெய்லையும் ஆதரிக்கிறது. புள்ளிகள் எழுந்து அடங்கும் பிரெய்ல் திரைச் சாதனத்தை இணைத்தால் போதும். அந்தச் சாதனத்தின் விலைதான் இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அரசு உதவி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இதை.

*4. மொழி அடையாளம்*

இணையப் பக்கத்தின் நிரலில் ‘இது தமிழ்’ என்று ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். எழுதியிருந்தால் குரல் தானாகத் தமிழுக்கு மாறும். பல தமிழ்ப் பக்கங்கள் ‘ஆங்கிலம்’ என்ற குறிப்போடே வெளிவருகின்றன. ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டால் பல சமயம் வாயே திறக்காது. பக்கம் காலி என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

*5. பழைய எழுத்துருக்கள்*

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு தரும் ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தமிழ் தட்டச்சானது. பல அலுவலகங்களிலும் டிடிபி மையங்களிலும் இன்னும் அப்படித்தான். இந்த எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ் தெரியும். திரைவாசிப்பானுக்குப் போர்வை தெரியாது. ‘ஜேகேபிஓ செமிகோலன்’ என்று வாசிக்கும். நாலு பக்க அறிவிப்பு முழுவதும் அப்படிப் போனால் கேட்பவர் என்ன செய்வார்? மொத்தத்தையும் நகலெடுத்து, எந்த எழுத்துரு என்று ஊகித்து, மாற்றி மென்பொருளில் போட்டு, திரும்பக் கேட்பார். ஒவ்வொரு கோப்புக்கும் இதே பாடு.

தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆணை வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பழைய எழுத்துருக் கோப்பு சுற்றுவதற்குப் பழக்கம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

*6. ஸ்கேன் செய்த பிடிஎஃப்*

இதில் எழுத்தே இல்லை, தாளின் புகைப்படம்தான். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் ஓசிஆர் வேண்டும். என்விடிஏ வழியாக அழைக்கக்கூடிய விண்டோஸ் ஓசிஆருக்குத் தமிழ் தெரியாது. டெசராக்ட் போன்ற இலவச மென்பொருளுக்குத் தெரியும். தெளிவான அச்சானால் நன்றாகவே படிக்கும். மேலே முத்திரையும் கையெழுத்தும் விழுந்திருந்தால், சரியாக அந்தத் தேதியும் எண்ணும்தான் குழம்பும்.

கணினி வாங்கும்போது

மென்பொருள் இலவசம் என்றான பிறகு பெரிய செலவு கணினிதான். ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகப் பார்க்கும் விஷயங்கள் இங்கே அப்படியே பொருந்தாது.

1. ஒலி முதலில். கடையிலேயே ஹெட்போன் துளையில் செருகிக் கேட்க வேண்டும். துளை ஆடினாலோ ஒரு காதில் மட்டும் கேட்டாலோ வேண்டாம். ஒலி போன கணினி, திரை போன கணினி மாதிரி.
2. வேகம். 8 ஜிபி நினைவகமும், வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் இருப்பது நல்லது. குரல் அரை நொடி தாமதமாக வந்தால் நாள் முழுக்க அந்த அரை நொடி கூடிக்கொண்டே போகும்.
3. விசைப்பலகை. எஃப், ஜே விசைகளின் மேடு தேயாமல் இருக்க வேண்டும். வாசிப்பானுக்குக் கட்டளை தரப் பயன்படும் இன்சர்ட் விசை இல்லாவிட்டால் பரவாயில்லை, கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.
4. திரை. அறவே பார்வையில்லாதவருக்குத் திரையில் கோடு விழுந்த கணினியே போதும், விலையும் இறங்கும். குறைபார்வை உள்ளவருக்கு இது பொருந்தாது. அவருக்கு நல்ல பெரிய திரைதான் முக்கியம்.
5. விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11 ஏறாத பழைய கணினியை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 11 ஏறுமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பயிற்சி. இதைச் செலவுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டப் பழகி, பிறகு வாசிப்பானின் விசைகள், பிறகு வேர்ட், எக்செல், இணையம் என்று போக மாதக்கணக்கில் ஆகும். கிண்டியில் உள்ள கர்ண வித்யா அமைப்பு பார்வையற்றோருக்குக் கணினியும் வேலைக்கான ஆங்கிலமும் சொல்லித்தருகிறது. பூந்தமல்லியில் மத்திய அரசின் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கென்றே பிரெய்ல் பிரிவு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 1.27 லட்சம் பேர். சென்னையில் உள்ளவர் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொள்வதை, மாவட்டத்தில் உள்ளவர் வீடு பிடித்துத் தங்கிக் கற்க வேண்டியிருக்கிறது. இலவச மென்பொருளுக்கு அவர் கொடுக்கும் விலை அந்த வாடகைதான்.

மிச்சச் செலவு யாருடையது?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு உள்ளடக்கம் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 34ஆம் பிரிவு அரசு வேலையில் பார்வையின்மை, குறைபார்வை உள்ளவர்களுக்கு 1 சதவீதம் ஒதுக்குகிறது. வேலையில் சேர்ந்தவருக்கு உரிய வசதியைச் செய்து தருவதும் அரசு நிறுவனத்தின் கடமை என்கிறது 20ஆம் பிரிவு. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று சொன்னது. 2025 ஏப்ரல் தீர்ப்பு அதற்கு அடுத்த படி.

ஆக, பொத்தானுக்குப் பெயர் எழுதாமல் விட்ட செலவை, பாமினியில் தட்டச்சு செய்த செலவை, இன்று பயனர் தன் நேரத்தால் கட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளடக்கம் தருபவர் கட்டினால் இதற்குப் பணமே தேவைப்படாது என்பதுதான் வேதனை.

ஓர் அறிவிப்பு எப்படி இணையத்துக்கு வருகிறது என்று படிப்படியாகப் பாருங்கள். உதவியாளர் கணினியில் தட்டச்சு செய்கிறார். தாளில் அச்சடிக்கிறார். அதிகாரி கையெழுத்திடுகிறார், முத்திரை விழுகிறது. தாளை ஸ்கேனரில் வைக்கிறார்கள். வரும் படத்தைப் பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் ஏற்றுகிறார்கள். கையெழுத்துள்ள பிரதி சான்றுக்கு வேண்டும், இருக்கட்டும். முதலில் தட்டச்சு செய்த கோப்பு அதே கணினியில் இன்னும் கிடக்கிறது. ஒருங்குறியில் உள்ள அந்தக் கோப்பையும் பக்கத்தில் சேர்த்து ஏற்ற ஒரு நிமிடம் ஆகும். அதை ஏற்றிவிட்டால், பூந்தமல்லியில் ஒரு மாணவி எண்டர் தட்டிய நொடியில், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதை யாரையும் கூப்பிடாமல் தானே கேட்டுக்கொள்வாள்.